ரூ.1,260 மிச்சம் பிடிக்கப் போய் ரூ.20,000 விட்ட கதை: பூனை மணலை எப்படிக் கணக்குப் போட்டு வாங்குவது?



போன வாரம் "யூனிட் காஸ்ட்" வீடியோ ஓடிக்கிட்டிருக்கும்போது என் பின்னாடி ஒரு ஆரஞ்சு நிறப் பூனை சாவகாசமா நடந்து போனதைப் பார்த்திருப்பீங்க. நான் சொன்ன கணக்கைவிட அந்தப் பூனையைப் பத்தித்தான் நிறைய பேர் கேட்டீங்க. அவன் பேர் சில்லறை. நாலு வயசு, கருத்தடை செய்த ஆண் பூனை, எடை நாலரை கிலோ. சென்னையில் எங்கள் வாடகை ஃபிளாட்டின் வாசப்படியைத் தாண்டாதவன்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை என்றால் மாசா மாசம் வரும் ஒரு செலவு உண்டு. அதுதான் கேட் லிட்டர். சம்பளம் வாங்க ஆரம்பிச்ச புதுசில் பூனை வளர்க்கிற நண்பர்கள் பலர் தீனிக்கு ஆயிரம் ரிவ்யூ படிக்கிறாங்க. லிட்டரை மட்டும் "எது ஆஃபர்ல இருக்கோ அது"ன்னு கூடையில் போட்டுடறாங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன். ஒரு சி.ஏ. அப்படிச் செஞ்சா என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரு சின்ன விஷயம். தமிழில் எழுதும்போது பூனையின் "லிட்டர்", பால் அளக்கிற "லிட்டர்" ரெண்டும் ஒரே எழுத்து. குழப்பம் வராம இருக்க, இந்தக் கட்டுரை முழுக்க பூனை மணல் என்றே சொல்றேன். லிட்டர் என்று வந்தால் அது அளவுதான்.

எந்த பிராண்டிடமும் நான் காசு வாங்கலை. அதனால் பிராண்ட் பேரும் சொல்லப் போறதில்லை.

நான் செஞ்ச தப்பு

வழக்கமா நான் வாங்குவது ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் மணல். 10 கிலோ பை ரூ.750, அதாவது கிலோ ரூ.75. ஒரு மார்ச் மாதம், ஆபீஸில் இயர் எண்ட் வேலை தலைக்கு மேல் போய்க்கிட்டிருந்த நேரம். மொபைலில் ஒரு ஆஃபர் வந்தது. கட்டியாகாத சாதாரண களிமண் மணல், லாவண்டர் வாசனையோட, 5 கிலோ பை ரூ.199-க்குப் பதில் ரூ.165. ஆறு பை வாங்கினால்தான் அந்த விலை. மொத்தம் 30 கிலோ, ரூ.990. கிலோ ரூ.33!

மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். பழைய மணல் 30 கிலோ என்றால் ரூ.2,250. இது ரூ.990. மிச்சம் ரூ.1,260. உடனே ஆர்டர். அன்னிக்கு ராத்திரி பழைய மணலைக் கொட்டிட்டு புதுசை நிரப்பிட்டு, ஏதோ பெரிய முதலீடு செஞ்ச திருப்தியோட தூங்கினேன்.

மூணாம் நாள் சில்லறை என் மெத்தையில் சிறுநீர் கழிச்சான். திட்டினேன். ஒரு வாரம் கழிச்சு திரும்பவும் அதே மெத்தை. மெத்தையைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டதில் ரூ.1,800. நாத்தம் போகாத போர்வைக்குப் பதில் புதுசு ரூ.1,499.

இருபத்தஞ்சாவது நாள் ராத்திரி, அவன் ட்ரேயில் ஏறி உட்காருவதும் இறங்குவதுமா இருந்தான். முக்கி முக்கிக் கத்தினான். வாந்தி எடுத்தான். மலச்சிக்கல் என்று நினைச்சேன். மறுநாள் காலை டாக்டர் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு முதல் கேள்வியா, "கடைசியா எப்ப யூரின் போனான்?" என்றார். எனக்குப் பதில் தெரியலை. நிஜமாவே தெரியலை. கட்டியாகாத மணலில் ஈரம் அடியில் இறங்கிப் பரவிடும். நேத்து போனானா, முந்தாநேத்து போனானா என்பதற்கு ட்ரேயில் எந்த ஆதாரமும் இருக்காது.

சிறுநீர்க் குழாய் அடைப்பு. மயக்க மருந்து கொடுத்து, குழாய் போட்டு, மூணு நாள் அட்மிட். பில் ரூ.16,850. பிழைச்சுட்டான். "இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தா கஷ்டம்" என்று டாக்டர் சொன்னதை இப்ப எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குது.

மொத்தம் ரூ.20,149. ஆனா கணக்கு என்றால் நேர்மையா இருக்கணும். அடைப்புக்கு மணல்தான் காரணம் என்று டாக்டர் சொல்லலை. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, அதிக எடை, மன அழுத்தம் என்று பல காரணம் சேர்ந்து வருவது அது. பழைய மணல் இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா ஒரு நாள் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கும். மெத்தையில் போனதை "கொழுப்பு" என்று திட்டாமல், அவன் ஏதோ சொல்ல வர்றான் என்று யோசிச்சிருப்பேன். அந்த ஒரு நாளின் விலையைத்தான் என்னால் எந்தக் காலத்திலும் எழுத முடியலை.

சரி, இனி பாடத்துக்கு வருவோம்.

பாடம் 1: பை விலை ஒரு விலையே இல்லை

கடையில் ரெண்டு பை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒண்ணு "5 கிலோ", இன்னொண்ணு "6 லிட்டர்". பார்க்க ஒரே சைஸ். ஆனா பென்டோனைட் கனமானது, ஒரு லிட்டர் சுமார் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை நிற்கும். சோயாவில் செய்த டோஃபு மணல் லேசானது. 6 லிட்டர் பையில் பெரும்பாலும் இரண்டரை கிலோதான் இருக்கும். அதனால் கிலோ விலையை லிட்டர் விலையோடு ஒப்பிடுவது, மாச வட்டியை வருஷ வட்டியோடு ஒப்பிடுகிற மாதிரி.

அப்ப கிலோ விலைக்கு மாத்தினால் போதுமா? அதுவும் போதாது. ஒரு வகையில் மாசம் 18 கிலோ தேவைப்படும், இன்னொரு வகையில் 4 கிலோ போதும். வேணுங்கிறது ஒரே ஒரு நம்பர்: ஒரு பூனைக்கு ஒரு நாள் செலவு.

கணக்கு இதுதான்:

மாசச் செலவு = (முதல்ல நிரப்பிய அளவு + தினமும் சேர்த்த அளவு × 30) × கிலோ விலை

மாசக் கடைசியில் ட்ரேயை முழுசாகக் கொட்டிக் கழுவி, திரும்ப நிரப்பறோம் என்று வச்சுக்கிட்டு போட்ட கணக்கு. இதை 30-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு.

பாடம் 2: சந்தையில் என்னென்ன இருக்கு?

அஞ்சு வகையைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

கட்டியாகாத களிமண். பூனை மணல் என்ற வியாபாரமே இதில்தான் தொடங்கியது. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சப் பயன்பட்ட களிமண் துகளை, பூனைக்காக மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவருக்கு அது பிடிச்சுப் போச்சு. உடனே லோ அதை 5 பவுண்டு பைகளில் போட்டு 65 சென்ட் என்று விலை வச்சார். அதுவரை வீடுகளில் சாம்பலும் மணலும்தான். இந்த வகை ஈரத்தை உறிஞ்சும், ஆனா கட்டியாகாது. சில நாளுக்கு ஒருமுறை மொத்தத்தையும் கொட்டியாகணும்.

கட்டியாகும் பென்டோனைட். ஈரம் பட்டதும் உப்பி இறுகிடும் ஒருவகைக் களிமண். 1980-களில்தான் இது பூனை மணலாகப் புழக்கத்துக்கு வந்தது. நம்ம நாட்டில் பென்டோனைட் அதிகம் தோண்டப்படும் இடங்களில் முக்கியமானது குஜராத்தின் கட்ச் மாவட்டம். ஈரமான இடம் மட்டும் கட்டியாவதால் ஸ்கூப்பில் அதை மட்டும் எடுத்துப் போடலாம். குறை: தூசி, கனம், பாதத்தில் ஒட்டி வீடு பூரா வரும்.

டோஃபு, சோளம் போன்ற தாவர வகை. லேசு, தூசி குறைவு, மக்கும். குறை: விலை. இன்னொண்ணு, இது அடிப்படையில் உணவுப்பொருள். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் பையைத் திறந்து வச்சா பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். காத்துப்புகாத டப்பா கட்டாயம்.

மரத்தூள் உருண்டை. ஈரம் பட்டதும் உருண்டை உடைந்து தூளாகும். சல்லடை ட்ரேயில் போட்டுக் குலுக்கினால் தூள் கீழே இறங்கிடும். விலை குறைவு, மர வாசனை. குறை: உருண்டை பெருசா, கெட்டியா இருக்கும். மெல்லிய பாதத்துக்குப் பல பூனைகளுக்குப் பிடிக்காது.

சிலிகா கிரிஸ்டல். புது ஷூ டப்பாவுக்குள் வரும் அந்தச் சின்னப் பொட்டலத்தில் இருக்கே, அதே சிலிகா ஜெல். மலத்தை மட்டும் எடுத்துட்டு, மீதியைத் தினமும் கிளறிவிட்டால் ஈரத்தை உள்ளே இழுத்து வச்சுக்கும். குறை: அது காற்றில் உள்ள ஈரத்தையும் குடிக்கும். கடலோர ஊரில் பையில் போட்டிருக்கும் நாள் கணக்கை அப்படியே நம்பாதீங்க.

"கட்டட மணல் ஓசியில் கிடைக்குதே?" என்று கேட்பீங்க. மணல் ஈரத்தை உறிஞ்சாது, வழியவிடும். ரெண்டே நாளில் அம்மோனியா நாத்தம் அடிக்கும். தெருவில் குவிஞ்ச மணலை ஏற்கெனவே பத்து தெருப் பூனை பயன்படுத்தியிருக்கும். கிருமியை நாமே சுமந்து வீட்டுக்குள் கொண்டு வர வேண்டாம்.

பாடம் 3: என் வீட்டுக் கணக்கு

சில்லறை குணமான பிறகு ஒவ்வொரு வகையையும் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதினேன். விலை எல்லாம் நான் கொடுத்த பில் விலை. உங்க ஊரில், நீங்க வாங்கும் நாளில் மாறும். நம்பரைவிட முறையைப் பிடிச்சுக்கோங்க.

1. கட்டியாகாத களிமண்: 5 கிலோ ரூ.199, கிலோ ரூ.39.80. ஒரு தடவைக்கு 3 கிலோ, அஞ்சு நாளுக்கு ஒருமுறை முழுசா மாற்றம். மாசம் 18 கிலோ. மாசம் ரூ.716, நாள் ரூ.24.

2. பென்டோனைட்: 10 கிலோ ரூ.750, கிலோ ரூ.75. முதல் நிரப்பு 4 கிலோ, தினமும் 150 கிராம் சேர்ப்பு. மாசம் 8.5 கிலோ. மாசம் ரூ.638, நாள் ரூ.21.

3. டோஃபு: 2.5 கிலோ ரூ.600, கிலோ ரூ.240. முதல் நிரப்பு 2 கிலோ, தினமும் 70 கிராம். மாசம் 4.1 கிலோ. மாசம் ரூ.984, நாள் ரூ.33.

4. மரத்தூள் உருண்டை: 5 கிலோ ரூ.350, கிலோ ரூ.70. முதல் நிரப்பு 1.5 கிலோ, தினமும் 150 கிராம். மாசம் 6 கிலோ. மாசம் ரூ.420, நாள் ரூ.14.

5. சிலிகா: ஒரு பை ரூ.700. பையில் ஒரு மாசம் என்று போட்டிருந்தது, எங்க வீட்டில் 20 நாள்தான் வந்தது. மாசம் ரூ.1,050, நாள் ரூ.35.

முதல் ரெண்டு வரியை இன்னொரு தடவை பாருங்க. கிலோ விலையில் களிமண் பென்டோனைட்டில் பாதிதான். மாசச் செலவில் அதுவே 78 ரூபாய் அதிகம்! ஏன்னா கட்டியாகாத மணலில் நாம ஈரமானதை மட்டும் எடுக்க முடியாது, சுத்தமாக இருப்பதையும் சேர்த்துத்தான் கொட்டறோம்.

ஆஃபர் விலையான கிலோ ரூ.33-இல் போட்டாலும் மாசம் ரூ.594 வருது. அதாவது உண்மையான மிச்சம் மாசத்துக்கு 44 ரூபாய். நான் மனசில் போட்ட ரூ.1,260 எங்கே, இந்த 44 ரூபாய் எங்கே! 30 கிலோ பென்டோனைட் மூன்றரை மாசம் வரும், 30 கிலோ களிமண் 50 நாளில் தீரும். ரெண்டையும் சமம் என்று வச்சுக் கழிச்சதுதான் என் தப்பு. கிளையண்ட் இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் ஒரு பக்கத்துக்குக் கேள்வி எழுதியிருப்பேன்.

பாடம் 4: காசு கொடுப்பது நீங்க, கஸ்டமர் பூனை

கணக்குப்படி ஜெயிச்சது மரத்தூள், மாசம் ரூ.420. நானும் ஆசையா வாங்கினேன். சில்லறை ட்ரே ஓரத்தில் ரெண்டு காலை வச்சு, உள்ளே ரெண்டு காலை வச்சு, என்னை ஒரு பார்வை பார்த்தான். மறுநாள் குளியலறை மிதியடியில் போயிட்டான். பூனை பயன்படுத்தாத மணலுக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு என்று எந்த ஃபார்முலாவிலும் போட முடியாது.

பொதுவா பூனைகளுக்குப் பிடிப்பது நுண்ணிய, மென்மையான, தோண்டி மூட வசதியான, வாசனையில்லாத மணல். லாவண்டர், எலுமிச்சை எல்லாம் நம்ம மூக்குக்கான விளம்பரம். பூனையின் மோப்பம் நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. மூடின அறையில் யாரோ நம்ம முகத்தில் செண்ட் அடிச்ச மாதிரி இருக்கும் அதுக்கு. தினமும் அள்ளிப்போட்டால் நாத்தம் வராது. நாத்தம் வருதுன்னா வாசனை மணல் தேவை என்று அர்த்தமில்லை, ஸ்கூப் எடுக்கலைன்னு அர்த்தம்.

அதனால் எந்த வகையையும் மொத்தமா வாங்கும் முன் ஒரு பரிசோதனை செய்யுங்க:

- கிடைப்பதிலேயே சின்ன பையை வாங்குங்க. கிலோ விலை அதிகமா இருந்தாலும் பரவாயில்லை. அது பரிசோதனைக் கட்டணம்.
- ரெண்டு ட்ரே பக்கத்துப் பக்கத்தில் வைங்க. ஒண்ணில் பழைய மணல், ஒண்ணில் புதுசு. பத்து நாள் பாருங்க. எதில் அதிகம் போகுதோ அதுதான் பூனை போட்ட ஓட்டு.
- மாத்தறதுன்னு முடிவானால் ஒரே நாளில் மாத்தாதீங்க. முதல்ல கால் பங்கு புதுசு, ரெண்டு மூணு நாள் கழிச்சு பாதி, அப்புறம் முக்கால், பிறகு முழுசு.
- பூனை ஏத்துக்கிட்ட பிறகு மட்டும் பெரிய பை, ஆஃபர் எல்லாம்.

மணல் சரியா இருந்தும் ட்ரே தப்பா இருந்தால் பிரயோஜனமில்லை. ட்ரேயின் நீளம் பூனை உடம்பைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கணும். மணல் ரெண்டு மூணு அங்குல ஆழம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும், வாஷிங் மெஷின் சத்தத்துக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. ட்ரே எண்ணிக்கைக்கு டாக்டர்கள் சொல்லும் விதி: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒண்ணு கூட்டிக்கணும். ஒரு பூனைக்கு ரெண்டு ட்ரே. இதுக்காகச் செலவழிக்க வேண்டாம், ஒரு அகலமான பிளாஸ்டிக் டப் வாங்கி ஒரு பக்கத்தை அரை அடி தாழ்வா வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சுவிட்டால் போதும்.

பாடம் 5: கட்டி என்பது டெய்லி ரிப்போர்ட்

கட்டியாகும் மணலின் உண்மையான லாபம் மாசம் 78 ரூபாய் இல்லை. தினமும் காலையில் ஸ்கூப் எடுக்கும்போது நீங்க ஒரு அறிக்கையை வாசிக்கறீங்க. நல்லா இருக்கும் பூனை பெரும்பாலும் ஒரு நாளைக்கு ரெண்டிலிருந்து நாலு தடவை சிறுநீர் போகும். சில்லறைக்கு சராசரி மூணு கட்டி, எலுமிச்சம்பழ சைஸ். இந்த அளவு உங்க பூனைக்கு எவ்வளவு என்று ஒரு வாரம் எண்ணித் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

- கட்டி திடீர்னு பெருசாகி, எண்ணிக்கையும் கூடினால்: தண்ணீர் அதிகம் குடிக்குது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு மாதிரி விஷயங்களுக்கு டாக்டரிடம் காட்டணும்.
- சுண்டைக்காய் சைஸில் நிறைய கட்டி, அல்லது சிவப்பு நிறம்: அன்னிக்கே டாக்டர்.
- ஆண் பூனை ட்ரேக்கு அடிக்கடி போகுது, முக்குது, கத்துது, ஆனா கட்டியே இல்லை: இது அவசரம். ராத்திரி என்றாலும் கிளம்புங்க. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். முழு அடைப்பு என்றால் ஒன்று, ரெண்டு நாளில் உயிர் போகும் அளவுக்கு ஆபத்து. இதை மலச்சிக்கல் என்று நினைச்சு நான் ஒரு ராத்திரியை வீணாக்கினேன். நீங்க செய்யாதீங்க.

ட்ரேக்கு வெளியே போனால் திட்டுவதற்கு முன் ரெண்டு கேள்வி: மணலோ ட்ரேயோ பிடிக்கலையா? உடம்பில் வலியா? வலியோடு ட்ரேயில் போகும் பூனை, ட்ரேதான் வலிக்குதுன்னு நினைச்சு வேற இடம் தேடும்.

ஒரு விதிவிலக்கு. நாலு மாசத்துக்குக் கீழான குட்டி இருந்தால் கட்டியாகும் மணல் வேண்டாம். குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், அது வயித்துக்குள் போய் உப்பக் கூடாது. அதுவரை கட்டியாகாத, வாசனையில்லாத வகைதான் சரி. ஆக, களிமண் கெட்ட பொருள் இல்லை. என் வீட்டுக்கு அது தப்பான பொருள், அவ்வளவுதான்.

பாடம் 6: பில்லில் வராத செலவுகள்

பிளம்பர். பென்டோனைட்டை டாய்லெட்டில் கொட்டவே கூடாது. தண்ணீர் பட்டால் உப்பி இறுகுவதுதான் அதோட வேலையே, அதை உங்க பைப்புக்குள்ளும் செய்யும். டோஃபு பையில் "டாய்லெட்டில் போடலாம்" என்று போட்டிருந்தாலும் பழைய அபார்ட்மெண்ட் பைப்பை நம்பி நான் போடறதில்லை. கட்டிகளைப் பையில் சுத்திக் கட்டி குப்பையில் கொடுங்க. காய்கறிக் கழிவோடு கலக்காதீங்க.

வாடகை அட்வான்ஸ். மரத்தரையிலோ, கதவு ஓரத்திலோ பூனைச் சிறுநீர் ஊறினால் கறையும் போகாது, வாசனையும் போகாது. வீடு காலி பண்ணும்போது அது அட்வான்ஸில் கழியும்.

வீட்டில் இருப்பவர்களின் உடம்பு. ஆஸ்துமா இருந்தால் தூசி குறைந்த வகைக்கு 300 ரூபாய் கூடக் கொடுப்பது நியாயமான செலவு. கர்ப்பிணி இருந்தால் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பத்தி பயம் வரும். பெரியவங்க "பூனையை விட்டுடு" என்பாங்க. விட வேண்டியதில்லை. பூனை மலத்தில் அந்தக் கிருமி வந்தாலும், அது தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து அஞ்சு நாள் ஆகும். ஆகவே தினமும் ட்ரேயைச் சுத்தம் பண்ணணும், அதை வீட்டில் வேறொருத்தர் செய்யணும். முடியாவிட்டால் கையுறை, பிறகு சோப்பு. பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

பாடம் 7: சம்பளத்தில் எங்கே வைப்பது?

கையில் வரும் சம்பளம் ரூ.35,000 என்று வச்சுக்கோங்க. மணலுக்கு மாசம் ரூ.650. இது "வாண்ட்ஸ்" இல்லை, கரண்ட் பில் மாதிரி நிலையான செலவு. முதல் வாரத்திலேயே ஒதுக்கிடுங்க. மாசக் கடைசியில் காசில்லாமல் மணல் மாத்துவதைத் தள்ளிப்போட்டால், மெத்தை வட்டியோடு வசூலிச்சுடும்.

இதோட மாசம் ரூ.1,000-க்குத் தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. பேரு "பூனை டாக்டர்". ஒரு வருஷத்தில் ரூ.12,000-மும் கொஞ்சம் வட்டியும் கையில் நிற்கும். அன்னிக்கு நான் ரூ.16,850-ஐ கிரெடிட் கார்டில் தேய்ச்சேன், அடுத்த மாசச் சம்பளத்தில் கட்ட முடிஞ்சது. முடியாதவங்களுக்கு கார்டு வட்டி அந்த பில்லையே விழுங்கும். சென்னையில் இருப்பவங்க வேப்பேரியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முகவரியையும், ராத்திரி திறந்திருக்கும் ஒரு தனியார் கிளினிக் நம்பரையும் மொபைலில் சேமிச்சு வைங்க. அவசரத்தில் தேட நேரமிருக்காது.

அப்புறம், சிரிச்சுக்கிட்டே கேட்டாலும் பல பேர் கேட்பதால் சொல்றேன். பழைய வரி முறையின் மருத்துவக் காப்பீட்டுக் கழிவில் நீங்க, உங்க துணை, பிள்ளைகள், பெற்றோர் வருவாங்க. "எங்க வீட்டுப் பிள்ளை" என்று நீங்க சொன்னாலும் பூனை வராது.

வாங்கும் முன் ஏழு கேள்வி

1. பையில் இருப்பது கிலோவா, லிட்டரா? கிலோ எவ்வளவு?
2. என் பூனைக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு வருது?
3. கட்டியாகுமா? அந்தக் கட்டி ஸ்கூப்பில் உடையாமல் வருதா?
4. வாசனை சேர்க்காததா?
5. கொட்டும்போது தூசி பறக்குதா?
6. பூனை பத்து நாள் பயன்படுத்திப் பார்த்ததா?
7. எங்க ஊர் ஈரத்தில் இதை வைக்க மூடியுள்ள டப்பா இருக்கா?

ஏழுக்கும் பதில் சரியா இருந்தால் ஆஃபரைப் பாருங்க. ஆஃபரைப் பார்த்துட்டு ஏழு கேள்விக்கு வந்தால் என் கதைதான்.

இந்த வாரத்துக்கான ஹோம்வொர்க் சின்னதுதான். பூனை வளர்க்கிறவங்க ஏழு நாள் கட்டியை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்க. பூனை இல்லாதவங்க வீட்டில் மாசா மாசம் வாங்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கோங்க. சலவைத்தூள், கொசு லிக்விட், காபித்தூள், எதுவானாலும் சரி. "ஒரு நாள் செலவு" கணக்குப் போடுங்க. விலை குறைவு என்று நினைச்சது நிஜமாவே குறைவுதானா என்று தெரியும்.

கடைசியா ஒண்ணு. அந்த ஆஃபரில் மூணு பை பிரிக்காமலே கிடந்தது. காசு கொடுத்தாச்சே என்று சில்லறை தலையில் கட்டப் பார்க்கலை. போன காசு போனதுதான், அதுக்காக இன்னும் கொஞ்சம் இழக்க வேண்டியதில்லை. எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தேன். பார்க்கிங்கில் பைக்குக்கு அடியில் சொட்டும் எண்ணெய் மேல் தூவறார், அப்படியே உறிஞ்சிடுது. 1947-க்கு முன்னாடி அந்தக் களிமண் செஞ்ச வேலையே அதுதானே!

சில்லறை இப்ப நல்லா இருக்கான். இன்னிக்குக் காலை மூணு கட்டி, எலுமிச்சம்பழ சைஸ். கணக்கு டாலி.

அடுத்த வீடியோவில் சந்திப்போம்.